படத்தில் நான் சிரித்தது எதற்கென்றால்

சான் ரொக்கே பண்ணை, நெக்ரோஸ்
அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை

என் தோத்தோவுக்கு,

நானும் உன் தங்கச்சி அனலினும் மூச்சோடு இருக்கிறோம், ஆண்டவர் அதில் இன்னும் கை வைக்கவில்லை. நீ அங்கே தைவானில் வேளைக்குச் சாப்பிட்டு, மெஷினுக்குள் விரலைக் கொடுக்காமல், முழுசாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீ எடுக்கிறதில்லையே, அதற்குத்தான். பாசிங் அக்காவின் மகள் லீசெல் லீவு முடிந்து அங்கே திரும்புகிறாள், அவள் பையில் கருவாட்டுப் பொட்டலத்துக்கு அடியில் இதை வைத்து அனுப்புகிறேன். காகிதம் நாறினால் கோபப்படாதே, ஏற்கெனவே இருக்கிற கோபம் போதும். எனக்குக் கோர்வையாக எழுத வராது என்று உனக்குத் தெரியும். ஒன்பதாவது வகுப்புப் பாதியில் நீ என் வயிற்றில் இருந்தாய், கன்னியாஸ்திரிகள் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள், அன்றைக்குக் கீழே வைத்த பேனா. அதனால் கமா, புள்ளியெல்லாம் தேடிக்கொண்டிருக்காதே, வரிசையாகப் படித்துக்கொண்டே வா.

வீட்டில் சமையல் பக்கத்துக் கூரைத் தகரம் புயலில் போய்விட்டது, அந்த இடத்தில் பழைய தேர்தல் பேனரைக் கட்டியிருக்கிறேன், கவுன்சிலரின் மூக்கு நேராக அடுப்புக்கு மேலே வருகிறது, மழை பெய்தால் மூக்கிலிருந்துதான் ஒழுகுகிறது. அனலினுக்கு இருமல் குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. பாதிரியார் வீட்டுச் சலவை வேலையை விட்டுவிட்டேன், திட்டாதே, அங்கே சமையல் பார்க்கிற அம்மா நான் துவைத்த ஒவ்வொரு துணியையும் வெயிலில் தூக்கிப் பிடித்துக் கறை தேடுகிறாள், ஒருநாள் துணியை அவள் கையிலேயே கொடுத்து நீயே துவைச்சுக்கம்மா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இப்போது காலையில் மீன் கூடை தூக்குகிறேன். உன் அம்மா ஒரு வேலையில் ஒரு மழைக்காலம் தாண்டியதில்லை, உனக்குத் தெரிந்ததுதான். வெட்டும் கூலியும் இல்லாத செத்த மாசங்கள் முடியப்போகின்றன, ஆலையைக் கழுவிவிட்டார்கள், கரும்பு வெட்டு தொடங்கினால் ஊரில் அடுப்பு புகையும், யாருக்கும் படத்தைப் பற்றிப் பேச நேரம் இருக்காது. அதற்காகவாவது சீக்கிரம் தொடங்கட்டும்.

சரி, படத்துக்கு வந்துவிட்டேன், சுற்றி வளைக்கவில்லை. அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து மண்டபத்தில் அந்தப் படத்தைப் பார்த்தீர்கள், அதில் நீ என்னைப் பார்த்தாய். அந்தத் துண்டை மட்டும் வெட்டி எனக்கு அனுப்பி, அடியில், அம்மா ஏன் சிரிச்சே என்று ஒரு வரி போட்டாய், இனிமே நான் ஊருக்கு வரல என்று இன்னொரு வரி. அதற்குப் பிறகு போன் இல்லை. நீ கேட்டது தப்பில்லை. உன் இடத்தில் நான் இருந்தாலும் கேட்டிருப்பேன். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனாயே, அதுதான் தப்பு. அது உன் அப்பாவிடம் இல்லாத குணம். அவர் யாரைக் கேள்வி கேட்டாலும் எதிராளி வாயைத் திறக்கிற வரை நிற்பார், அதனால்தான் பண்ணையில் அவரைப் பிடிக்காமல் போனது.

முதலில் நான் ஏன் போனேன் என்பதைச் சொல்கிறேன். போன வருஷம் செத்த மாசங்களில் மணிலாவிலிருந்து படம் எடுக்கிறவர்கள் வந்தார்கள். பண்ணையார் நிலத்தைக் கொடுத்தார். மேஸ்திரி குலாஸ் வீடு வீடாக வந்து, கூட்டமா நிக்கணும், அவ்வளவுதான், ஒரு நாள் கூலி, மத்தியானம் கோழியும் சோறும் பொட்டலம், வர்றியா இல்லையா என்று கேட்டார். என்ன படம் என்று கேட்டேன். காதல் படம்டி, உனக்கென்ன, கதாநாயகியாவா கூப்பிட்டாங்க என்றார். வீட்டில் இரண்டு நாளாக மரவள்ளிக் கிழங்கைத்தான் அவித்துக்கொண்டிருந்தோம். போனேன். ஊரே போனது. பாசிங் அக்கா கோயில் திருவிழாவுக்குப் போடுகிற பூப்போட்ட கவுனைப் போட்டு, பெட்டியிலிருந்து பல்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தாள். நான் நீ அனுப்பின மஞ்சள் சட்டையைப் போட்டேன்.

எங்களை ரோட்டோரமாக நிற்கவைத்தார்கள். தொப்பி போட்ட ஒரு பையன், உன் வயசுதான் இருக்கும், ஒலிபெருக்கியில், அம்மாமாரே, அண்ணன்மாரே, உங்க குத்துச்சண்டைக்காரன் பெல்ட்டை ஜெயிச்சுட்டு இந்த ரோட்டுல வர்றான்னு நினைச்சுக்குங்க, எப்படிக் கத்துவீங்க, கத்துங்க பாப்போம் என்றான். ரோட்டில் யாரும் வரவில்லை. ஒரு நாய் படுத்திருந்தது. ஆனால் குத்துச்சண்டை என்று சொன்னால் நம் ஊரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டாம், டிவி முன்னால் நிற்கிற மாதிரியே கத்தினோம், தொப்பிப் பையனே பயந்துவிட்டான். பாசிங் அக்கா கையை முறுக்கி, குத்துடா, விலாவுல குத்துடா என்று கத்தின வேகத்தில் மேல் பல்செட் வாயிலிருந்து பறந்து புழுதியில் போய் விழுந்தது. அவள் கத்துவதை நிறுத்தவில்லை. பல்லில்லாமலே இன்னும் இரண்டு குத்து விட்டுவிட்டுத்தான் குனிந்தாள். குனிந்து தடவிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்து, எலிசியோ சொன்ன மாதிரியே ஆயிடுச்சுடி என்றாள். நான் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன், தோத்தோ. அது முடிந்ததும் பெரிய டைரக்டர் தன் குடையை விட்டு எழுந்து வந்து, அந்த மஞ்சள் சட்டைப் பொண்ணு யாரு, ரொம்ப இயல்பா வந்துச்சு என்று சொல்லி எனக்கு மட்டும் ஒரு குளிர்பானம் கொடுக்கச் சொன்னார். நான் அதைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

உன் அப்பா எலிசியோ என்ன சொன்னார் என்று நீ கேட்பாய். நீ சின்னப் பையன், உனக்கு ஞாபகம் இருக்காது. பாசிங் அக்கா அந்தப் பல்செட்டை வாங்கின புதுசில் அது சரியாகப் பொருந்தாமல் பேசும்போதெல்லாம் தனியாக ஆடும். கூட்டம் போட்டு உட்கார்ந்து, சும்மா கிடக்கிற பண்ணை நிலத்தில் செத்த மாசங்களில் காய்கறி போடலாமா என்று எல்லாரும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும்போது உன் அப்பா நடுவில், அக்கா, உங்க பல்லுக்கு நீங்க ஓய்வே குடுக்கறதில்ல, ஒருநாள் பாருங்க, முதல்ல வேலைநிறுத்தம் பண்ணி வெளிய வரப்போறது அதுதான், நாங்கள்லாம் அதுக்குப் பின்னாலதான் என்பார். ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். பாசிங் அக்கா செருப்பைக் கழற்றி அவர் மேல் எறிவாள். காய்கறியும் போட்டோம், கத்தரிக்காய் காய்த்தது. அதற்குள் பட்டாள லாரியில் வந்தவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தச் சிரிப்பை எடுத்து எங்கே வைத்தார்கள் என்று நீயே பார்த்துவிட்டாய். படத்தில் கரும்புக் காட்டுக்குத் தீ வைக்கிற கெட்டவன் ஒருத்தன் வருகிறான், ஆட்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசுகிறவன், அவனுக்கு உன் அப்பாவின் மீசை, உன் அப்பாவின் கட்டம் போட்ட சட்டை, மேஸ்திரியைத் தவிர வேறு யார் சொல்லியிருப்பார்கள். அழகான பட்டாளக் கேப்டன் அவனைப் பிடித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறான். ரோட்டோரம் ஜனங்கள் ஆரவாரம் செய்கிறார்கள். நடுவில் என் முகம், திரை நிறைய. உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போன நாளில் நீ என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அன்றைக்கு யாராவது கை தட்டினார்களா? ஊர் முழுக்க ஜன்னல் சாத்துகிற சத்தம்தான் கேட்டது. வரிசையாக, ஒன்றுக்குப் பின்னால் ஒன்று. எனக்கு இன்றைக்கும் யார் வீட்டில் ஜன்னல் சாத்தினாலும் அந்த லாரிதான்.

படம் ஓடு ஓடென்று ஓடுகிறது. லோலிங் கடை பெஞ்சில் தினமும் இதே பேச்சு. டிரைசிக்கிள் ஓட்டுகிற பெர்தோ, அப்படி ஒரு கேப்டன் நம்ம ஊருக்கு வந்தா எல்லாம் நேராயிடும் என்கிறான். அல்பானோ வாத்தியார், மடையா, படம் கேப்டனைப் புகழல, கிண்டல் பண்ணுது, ஜனங்க கை தட்டுறதைக் காட்டி நம்ம முட்டாள்தனத்தைத்தான் குத்துது என்கிறார். கிண்டல்னா சிரிக்கணும்ல சார், தியேட்டர்ல எல்லாரும் எழுந்து நின்னு தட்டினாங்களே என்று பெர்தோ கேட்டால், அதான்டா கிண்டலே என்று வாத்தியார் மேஜையைத் தட்டுகிறார். முதல்ல சோப்பு வேணுமா சீனி வேணுமான்னு பேசுங்க, அரசியல் அப்புறம் என்று லோலிங் உள்ளேயிருந்து கத்துகிறாள். நான் கூடையோடு போனால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு மீனைப் பார்க்கிறார்கள். மீன் கண்ணைப் பார்த்துவிட்டு, பழசு மாதிரி இருக்கே என்கிறார்கள். யாரும் வாங்குவதில்லை. திட்டினால்கூடத் திருப்பித் திட்டலாம், மீனைக் குறை சொல்பவர்களை என்ன செய்வது.

பிறகு அந்தப் படக்காரர்களே, நிலம் கொடுத்த ஊருக்கு நன்றி என்று சொல்லி, கூடைப்பந்து மைதானத்துக் கூரைக்குக் கீழே திரை கட்டி இலவசமாகப் போட்டுக் காட்டினார்கள். டைரக்டர் வரவில்லை, தொப்பிப் பையன் வந்தான். பக்கோலோத்திலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். படம் முடிந்ததும் எல்லாரும் கருத்துச் சொல்லலாம் என்று மைக்கை நீட்டினார்கள். மிக்கா என்று ஒரு பெண், கண்ணாடி போட்டவள், எழுந்து, இந்தப் படத்தோட அரசியல் மொத்தமும் அந்த மஞ்சள் சட்டைப் பொண்ணோட சிரிப்புலதான் இருக்கு, ஒடுக்கப்பட்டவங்க தங்களை ஒடுக்குறவங்களையே நேசிக்கப் பழகிட்டாங்க, பக்கத்துல ஒரு அம்மா குனிஞ்சு மண்ணைத் தொட்டுக் கேப்டனைக் கும்பிடுறாங்க பாருங்க, இது நானூறு வருஷத்து அடிமைப் பழக்கம் என்றாள். நன்றாகத்தான் பேசினாள், கோபமாக, நம் பக்கமாகத்தான் பேசினாள். பாசிங் அக்கா என் காதில், யாருடி கும்பிட்டா, நான் எங்கடி கும்பிட்டேன் என்றாள். உடனே குலாஸ் மேஸ்திரி மைக்கை வாங்கி, தங்கச்சி, நீ ஊருக்குப் புதுசு, அந்தச் சட்டைக்காரி யாருன்னு எங்களுக்குத் தெரியும், அந்த மாதிரி ஆள் போனப்போ அவன் பொண்டாட்டிக்கே எப்படி இருந்துச்சுன்னு அந்த மூஞ்சியே சொல்லுது, நாங்க வேற சொல்லணுமா என்றார். அல்பானோ வாத்தியார் எழுந்து மறுபடி கிண்டலில் தொடங்கினார். தொப்பிப் பையன், அந்தச் சிரிப்பை நாங்க சொல்லிக்கொடுக்கல, அது மண்ணுலேர்ந்து தானா வந்துச்சு என்று பெருமையாகச் சொன்னான். இத்தனை பேரும் என் முகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், நான் நான்காவது வரிசையில் அனலினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எழுந்தேன். எனக்குத்தான் உட்காரவே வராதே. மைக்கைப் பிடுங்கி, அந்த மஞ்சள் சட்டை நான்தான், நான் எதுக்குச் சிரிச்சேன்னு சொல்றேன் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கை தட்டினார்கள் பார், மைதானமே இடிந்தது. நம்ம ஊரு நட்சத்திரம் வந்துட்டாங்க என்று தொப்பிப் பையன் கத்துகிறான், போனைத் தூக்கிக்கொண்டு பத்துப் பிள்ளைகள் என் கழுத்தில் கை போட்டுப் படம் எடுக்கிறார்கள், அக்கா, அந்த மாதிரி ஒரு தரம் சிரிங்கக்கா என்கிறார்கள். நான் பேசிக்கொண்டே இருக்கிறேன், பல்லு விழுந்துச்சு, என் புருஷன் சொன்ன பேச்சு அது என்கிறேன், எனக்கே கேட்கவில்லை. பாசிங் அக்காவுக்குத் தாங்கவில்லை. நாற்காலி மேல் ஏறி வாயிலிருந்து பல்செட்டைக் கழற்றி, சாட்சி காட்டுகிற மாதிரி கையில் தூக்கிப் பிடித்து, இதாண்டா விழுந்துச்சு, இதைத்தாண்டா தேடினேன் என்று பொக்கை வாயோடு கத்தினாள். அதற்குச் சிரித்தார்கள். எல்லாரும், குலாஸ் மேஸ்திரி, வாத்தியார், எல்லாரும். பிறகு கவுன்சிலரின் ஆள் வந்து அரிசி மூட்டைக் குலுக்கல் ஆரம்பம் என்று அறிவித்தான், கூட்டம் அந்தப் பக்கம் ஓடிவிட்டது. பாசிங் அக்கா பல்லைத் துடைத்து மாட்டிக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை.

வேன் கிளம்பும் முன் அந்த மிக்கா மட்டும் என்னைத் தேடி வந்தாள். நீங்க சொன்னது எனக்குக் கேக்கல, இப்ப சொல்லுங்க அக்கா என்றாள். எல்லாம் சொன்னேன், உன் அப்பாவையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திரும்ப மாட்டிக்கொண்டு, மன்னிச்சுக்குங்க அக்கா, ஆனா இதெல்லாம் படத்துல இல்லையே, பாக்குறவங்களுக்கு எப்படித் தெரியும் என்றாள். எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. உண்மையைத்தானே சொன்னாள். அவள் கேட்டது அன்றையிலிருந்து மண்டைக்குள் ஓடுகிறது. பாக்கிற ஜனங்கள் எக்கேடும் கெடட்டும், கேப்டனைக் கும்பிடட்டும், கிண்டல் என்று சொல்லட்டும், நானூறு வருஷம் என்று சொல்லட்டும். நீ பாக்கிற ஜனம் இல்லை. நீயும் அவர்களோடு மண்டபத்தில் உட்கார்ந்து அவர்கள் பார்த்ததையே பார்த்தாய் பார், அதனால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தோத்தோ, உன் அப்பா போன பிறகு நான் அழுததை நீ பார்த்திருக்கிறாய், சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறாய், வேலை வேலையாக விட்டு ஓடினதைப் பார்த்திருக்கிறாய். சிரித்ததைப் பார்த்திருக்கிறாயா? யோசித்துப் பார். அந்த ஒரு சிரிப்புதான் வந்தது, அதுவும் அவர் எப்போதோ சொல்லிவிட்டுப் போன வார்த்தைக்கு. அதைத்தான் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்தத் துண்டை நீ அழிக்கவில்லை என்றால் ஒரே ஒரு தரம் மறுபடி போடு. லீசெலிடம் எதையும் விசாரிக்காதே, நீயே பார். சத்தத்தை நிறுத்திவிடு. என் முகத்தைப் பார்க்காதே, எனக்கு இடது பக்கம் கீழே பார், பூப்போட்ட கவுன். கும்பிடுகிறவள் கை புழுதியில் அப்படி அலையாது. எதையோ தேடுகிற கை அது, பார்த்தால் உனக்குத் தெரியும், நம் வீட்டில் காணாமல் போனதைத் தேடாத கை எது. பிறகு என் கண்ணைப் பார். ரோட்டைப் பார்க்கிறேனா, அவள் கையைப் பார்க்கிறேனா என்று பார். அந்த மிக்காவிடம் படத்தில் இல்லை என்று நானும் தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து நீ அனுப்பினதையே போட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, இருக்கிறது. ஓரத்தில் இருக்கிறது.

ஆண்டவர் உன்னை மெஷினிடமிருந்தும் குளிரிடமிருந்தும் காப்பாற்றட்டும். ஆசீர்வாதத்துக்கு என் கையை எடுத்து உன் நெற்றியில் ஒற்றிக்கொண்டதாக வைத்துக்கொள், நான் இங்கே கையை நீட்டித்தான் வைத்திருக்கிறேன். கருவாட்டை வந்த அன்றைக்கே வறுத்துவிடு, பக்கத்து அறைக்காரர்களுக்கும் கொடு. நவம்பர் முதல் தேதி மறக்காதே. போன வருஷம் மாதிரியே கல்லறைத் தோட்டத்தில், திரும்பி வராமல், குழியும் இல்லாதவர்களுக்கு என்று நட்டிருக்கிற பெரிய சிலுவைக்கு அடியில் அப்பாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவேன், அனலின் உன் நம்பரைப் போட்டுப் போனைச் சுடருக்கு நேராகப் பிடிப்பாள். எடுத்தால் எடு. எடுக்காவிட்டாலும் மெழுகு தீர்கிற வரை அது அடித்துக்கொண்டிருக்கும், நாங்கள் வைக்கமாட்டோம்.

உன்னைப் பெற்ற,
மாரிவிக்